தசைவலியும் தவறான பாடமும்

உடற்கல்வி ஆசிரியராக நான் பணியாற்றிய காலம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, மாணவர்களை நூற்றுக்கணக்கான முறை உட்கார்ந்து எழச் செய்தேன். மறுநாள் ஒரு மாணவன் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றியபடி இறங்கி வந்தான். 'தசையில் லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கிறது. மேலும் பயிற்சி செய்தால் கரைந்துவிடும்' என்று கூறி மைதானத்துக்கு அனுப்பினேன். அதற்கடுத்த நாள், சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேற, பெற்றோர் அவனை மருத்துவமனையில் சேர்த்தனர். அவன் நலம்பெற்றுத் திரும்பினான். ஆண்டுதோறும் நான் கற்பித்து வந்த சொல்லின் பொருளை நானே சரியாக அறிந்திருக்கவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

தசை சுருங்குவதற்குத் தேவையான ஆற்றலை அளிப்பது 'ஏடிபி' எனும் மூலக்கூறு. அதன் இருப்பு மிகக் குறைவு என்பதால், உடல் அதை மூன்று வழிகளில் புதுப்பித்துக்கொள்கிறது. 100 மீட்டர் ஓட்டத்தில் தசையிலுள்ள கிரியேட்டின் பாஸ்பேட் பெரிதும் கைகொடுக்கிறது. அது ஏறத்தாழ 10 விநாடிகளே தாங்கும். 400 மீட்டர் ஓட்டத்தில், ஆக்சிஜனின் துணையின்றி குளுக்கோஸ் விரைவாகச் சிதைக்கப்படுகிறது. நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் காற்றுள்ள சுவாசமே முதன்மை பெறுகிறது. இம்மூன்றும் ஒன்று முடிந்தபின் ஒன்று தொடங்குபவை அல்ல, சேர்ந்தே இயங்குகின்றன, அவற்றின் பங்குதான் மாறுகிறது.

இரண்டாவது வழியில் உருவாவதே லாக்டேட். லாக்டிக் அமிலம் என்று நாம் வழங்குவது உடலில் இந்த வடிவிலேயே உள்ளது. கடும் ஓட்டத்தின்போது இதன் அளவு உயர்ந்தாலும், ஓய்வெடுத்த ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. தசைவலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்தைத் தொடுகிறது. முன்தினமே அகன்றுவிட்ட பொருள் மறுநாள் வலிக்கு எவ்வாறு காரணமாக முடியும்? லாக்டேட் கழிவும் அன்று. இதயம் அதை எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. இந்தச் சுழற்சி, 1947-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற கோரி தம்பதியின் பெயரால் வழங்கப்படுகிறது.

மறுநாள் வலியைத் 'தாமதத் தசைவலி' எனலாம். சுமையைத் தாங்கியபடியே தசை நீளும்போது, அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. படியில் இறங்கும்போதும், உட்காரத் தாழும்போதும் தொடைத் தசைக்கு நேர்வது இதுவே. சில நாள்களில் இது தானாகவே சீராகும். பழக்கமில்லாத உடலை அளவுமீறி வருத்தினாலோ, தசை இழைகள் சிதைந்து, மயோகுளோபின் எனும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சிறுநீர் கருத்துப்போவது அதன் அபாய அறிகுறி. உடனடியாக மருத்துவரை நாட வேண்டும்.

இன்றும் தாமதமாக வரும் மாணவருக்கு நூறு தோப்புக்கரணம் தண்டனையாக விதிக்கப்படுவதைக் கேள்விப்படுகிறேன். 'படிப்படியான சுமையேற்றம்', 'மீட்சி' ஆகிய சொற்களை மாணவர்கள் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்கின்றனர். சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுக, தசை சீராக இடைவெளி கொடு என்பதே அவற்றின் பொருள். அதை முதலில் உணர வேண்டியவர்கள், விசிலைக் கையில் வைத்திருக்கும் நாம்தான்.