அலாய் வீல் மாத்தப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

காருக்கு அலாய் வீல் போட்டா சூப்பரா இருக்கும்தான். ஆனா விலையை மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க. காரின் மொத்த எடையையும் தாங்குவது அந்த நான்கு வீல்கள்தான்!

அளவு: பழைய வீலின் அதே விட்டம், அதே அகலத்தில் வாங்கினால் இருக்கிற டயரையே மாட்டலாம், செலவு மிச்சம். பெரிய வீலுக்குப் போனால் டயரும் மாற்றணும். டயரின் மொத்த விட்டம் கூடினால், ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும்.

துளைகள்: 4x100 என்றால் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் 4 போல்ட் துளைகள். உங்கள் கார் வீலில் உள்ள அதே அளவுதான் வேண்டும். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம்னு சொல்லிடுங்க.

முத்திரை: கார் அலாய் வீலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 9436. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். எண்ணை உங்கள் போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுப் பாருங்க. உரிமம் யாருடையது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

பழைய வீல்: செகண்ட் ஹேண்டில் வாங்கினால், உள்பக்கம் விரிசலோ வெல்டிங் தழும்போ இருக்கான்னு பாருங்க. இருந்தால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீங்க. ஓடும்போது வீல் உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

மாட்டிய பிறகு, முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்க. பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரமா வைங்க. ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.