பாறையில் பிறந்த மார்பிங்

விழுப்புரத்திலிருந்து கண்டாச்சிபுரம், வேட்டவலம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜன்னலோரம் பாறைக்குப் பஞ்சமில்லை. ஊரில் கேட்டால் எல்லாமே 'கருங்கல்'தான். அம்மிக்கும் வாசற்படிக்கும் ஜல்லிக்கும் அந்த ஒரு பெயர் போதும். புதிதாக உடைத்த கல்லில் வெளுப்பும் கறுப்பும் பட்டை பட்டையாக ஓடினால், அது 'நைஸ்' வகை. பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் பெரும்பாலும் உருகாமல், கெட்டியாக இருந்தபடியே வேறு கல்லானது. இதைத்தான் பள்ளியில் 'உருமாறிய பாறை' என்று மனப்பாடம் செய்தோம். ஆங்கிலத்தில் 'மெட்டமார்ஃபிக்'.

கிரேக்கத்தில் 'மார்ஃபே' என்றால் உருவம், 'மெட்டா' மாற்றத்தைக் குறிக்கும். மனிதர்கள் மரமாகவும் பறவையாகவும் மாறும் கதைகளைப் பாடிய ரோமானியக் கவி ஓவிட், தன் காவியத்துக்கே 'மெட்டமார்ஃபோசிஸ்' என்று பெயர் வைத்தார். 'மெட்டமார்ஃபிக்' என்ற பெயரடையைப் பாறைக்குச் சூட்டியவர் புவியியல் அறிஞர் சார்லஸ் லயல், 1833இல்.

ஆனால் எந்தக் கல்லுக்கு அதைச் சூட்டலாம் என்பதில் பெரிய வழக்கே நடந்தது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அந்த வகைக்கு 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். நம் பல்லாவரம், பரங்கிமலைக் கல்தான் அது! உருகிய குழம்பு இறுகி வந்தது என்பது ஹாலண்ட் கட்சி. உருமாறி வந்தது என்றார்கள் பின்னால் வந்தவர்கள். கர்நாடகத்தின் கப்பல்துர்கா குவாரியில் சாம்பல்நிற நைஸுக்குள்ளேயே பச்சை கலந்த கருமையாக சார்னோகைட் திட்டுத்திட்டாகப் பரவியிருக்கிறது. மாற்றம் பாதியில் நின்றுபோன இடம்.

திண்டிவனம் பக்கம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஓவிட் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார். இருந்தும் புவியியலார் அவற்றை 'மெட்டமார்ஃபிக்' என்பதில்லை. மரத்தின் நாருக்குள் சிலிக்கா புகுந்து படிந்ததுதான் அங்கே நடந்தது, சூடும் அழுத்தமும் வேலை செய்யவில்லை.

இன்று இந்தச் சொல் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைந்துவிட்டது. தன் நிரலைத் தானே மாற்றி எழுதித் தப்பிக்கும் வைரஸுக்கும் 'மெட்டமார்ஃபிக்' என்றுதான் பெயர். அதே வேரின் வாலைப் பிடித்து வந்த 'மார்பிங்' 1991இல் மைக்கேல் ஜாக்சன் பாட்டில் முகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தபோது வித்தையாக இருந்தது. இப்போது நம் நாளிதழ்களில் அது குற்றச் செய்தி. பாறைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்த வேலையை ஒரு போக்கிரி போனில் நொடியில் முடிக்கிறான்.

யார் படத்தையாவது மார்பிங் செய்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள். சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம்.