கடை வண்டி நின்றால் கடையும் நிற்கும்!
பழைய மொபெட்டை வணிகர்களே பழுது பார்க்கலாம்

காலை 5.30 மணி. திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்துவர வேண்டும். எத்தனை முறை உதைத்தாலும் மொபெட் கிளம்பவில்லை. மெக்கானிக் கடை திறப்பதற்குள் காலை வியாபாரமே முடிந்துவிடும். இந்த அனுபவம் இல்லாத மளிகை வணிகர் நம்மில் குறைவு.

1980-இல் ஓசூரில் தயாராகி வெளிவந்த டி.வி.எஸ். 50, நாளடைவில் சிறு வணிகர்களின் சரக்கு வண்டியாகவே ஆகிவிட்டது. பின்னால் வந்த எக்ஸ்.எல். சூப்பரும் அதே டூ ஸ்ட்ரோக் இனம்தான். பாகங்கள் குறைவு என்பதால் கோளாறு எங்கே என்று நாமே கண்டுபிடிக்கலாம். வரிசையாகப் பார்ப்பதுதான் முக்கியம். (2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. அதன் முறை வேறு.)

முதலில் பெட்ரோல்

கார்பரேட்டரில் சேரும் டியூபைக் கழற்றி, டேப்பைத் திறந்து, கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோலைப் பிடியுங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பில் அடைப்பு. 2025 முதல் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. டாங்கில் தண்ணீர் இறங்கினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். பாட்டிலின் அடியில் தனி அடுக்காகத் தெரிந்தால் டாங்கை முழுதும் காலி செய்ய வேண்டும். பழைய ரப்பர் டியூபில் வெடிப்பு கண்டால் உடனே மாற்றுங்கள்.

அடுத்து பிளக்

டியூபை மாட்டி, பாட்டிலைத் தூர வைத்த பிறகே இந்த வேலை. பிளக்கைக் கழற்றித் துடைத்து, கேப்பில் செருகி, அதன் இரும்புப் பகுதி இன்ஜினில் படும்படி வைத்து உதையுங்கள். பொறி வராவிட்டால் புது பிளக் போட்டுப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் கேப், வயர் முனைகளைப் பார்க்க வேண்டும். சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் பக்கத்து உப்புக் காற்றில் இவை சீக்கிரம் களிம்பு பிடிக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

இழுவை குறைந்தால்

வண்டி கிளம்புகிறது, மூட்டை ஏற்றினால் மேட்டில் திணறுகிறது என்றால் சைலன்சரில் கரி அடைத்திருக்கும். உள்குழாயைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். பெட்ரோலில் 2டி ஆயிலைக் கண்மூடித்தனமாக ஊற்றுவதே கரிக்குக் காரணம். குறைத்து ஊற்றினாலோ பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கையேட்டில் உள்ள அளவே சரி.

எதில் கை வைக்கக் கூடாது?

பிரேக் வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள். 2 மூட்டை அரிசியுடன் பிரேக் பிடிக்காமல் போனால், மிச்சம் பிடித்த கூலி எதற்கும் உதவாது. கடைக்குள்ளோ, சாமி விளக்கு எரியும் இடத்திலோ பெட்ரோல் வேலை அறவே கூடாது.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகங்களும், ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புதியவையும் கிடைக்கும். போலிச் சரக்கால் நாமே பாதிக்கப்படுகிறவர்கள். ஸ்பேர் வாங்கும்போதும் பில் கேட்டு வாங்குவோம். ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், டியூப், ஆக்சிலரேட்டர் கேபிள், உப்புத்தாள் ஆகியவை கல்லாப் பெட்டி அருகில் எப்போதும் இருக்கட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பதிவு செய்து 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒரு முறை. இன்ஷூரன்ஸும் நடப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு விபத்து, கடையின் முதலையே கரைத்துவிடும்.