கருமம்: ஏட்டிலும் பேச்சிலும்

எமது பிரதேச செயலகங்களில் மக்கள் வரிசையில் நின்று அலுவல் பார்க்கும் இடத்துக்குக் 'கருமபீடம்' என்று பெயர். தொழுகை, நோன்பு, ஸதகா போன்றவற்றை 'நற்கருமங்கள்' என்று எழுதுகிறோம். அதே சொல் வீட்டுக்குள் வந்ததும் 'என்ன கருமம் இது' என்ற முகச்சுளிப்பாகி விடுகிறது. சிங்களப் பேச்சிலும் 'கருமய' என்றால் பீடை, தீராத துன்பம். 1950களில் குணதாச அமரசேகர எழுதிய பிரபல நாவலின் பெயர் 'கருமக்காரயோ'. கருமம் பிடித்தவர்கள் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

வடமொழியில் இச்சொல்லின் நேர்ப்பொருள் செய்கை. ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் உரைகல்லாகத் திருவள்ளுவர் காட்டுவதும் அவரவர் செயலைத்தான். அந்த இடத்தில் அவர் ஆளும் சொல் கருமம்தான். செய்கையைக் குறித்த சொல் தண்டனையைக் குறிக்கும் சொல்லாக மாறியது எப்படி? பௌத்த, இந்து நூல்கள் கூறும் கருமக் கொள்கையையும், கூத்தும் சினிமாவும் வாய்ப்பேச்சும் காட்டும் கருமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். இவ்விரு சமூகங்களோடும் வேலி பகிர்ந்து வாழும் எங்களுக்கு இது வெறும் ஏட்டாராய்ச்சி அல்ல.

அல்பீரூனியின் அளவுகோல்

பிற மதங்களை ஆராயும் முஸ்லிம்களுக்கு இதில் ஒரு நல்ல முன்னோடி உண்டு. ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றிய தனது பெருநூலை எழுதி முடித்த அல்பீரூனி, வடமொழி கற்று, பதஞ்சலியின் யோக நூலை அரபுக்குக் கொண்டு வந்தவர். எந்தச் சமூகத்திலும் கற்றவரின் நம்பிக்கை வேறு, பாமரரின் நம்பிக்கை வேறு என்பதை அவர் முதலிலேயே பிரித்து விடுகிறார். இந்துக்கள் விடயத்தில் மட்டுமல்ல, முஸ்லிம்கள் விடயத்திலும் அப்படித்தான் என்கிறார். இஸ்லாத்துக்குக் கலிமா எப்படி அடையாளமோ, அப்படி இந்துக்களுக்கு மறுபிறப்பு அடையாளம் என்று எழுதியவரும் அவரே. ஏட்டை ஏட்டோடும் தெருவைத் தெருவோடும் ஒப்பிட வேண்டும். எங்கட ஏட்டை எடுத்து மற்றவன்ட தெருவோடு ஒப்பிட்டால் வெல்வது சுகம், விளங்குவது ஒன்றுமில்லை.

ஏட்டில் உள்ளது

பௌத்தத்தில் கருமம் என்பது எண்ணத்தோடு செய்த செயல். எண்ணமே கருமம் என்பது அங்குத்தர நிகாயத்தில் வரும் புத்தரின் விளக்கம். தெரியாமல் மிதித்ததும் வேண்டுமென்று மிதித்ததும் அங்கே ஒன்றல்ல. நிய்யத்தைக் கொண்டே அமல்கள் என்று படித்த எமக்கு இது பழகிய இடம் போலத் தோன்றும். ஆனால் அடிப்படை வேறு: பௌத்தத்தில் தீர்ப்பு வழங்கும் இறைவன் இல்லை, நிலையான ஆன்மாவும் இல்லை.

சம்யுத்த நிகாயத்தில் ஓர் உரையாடல் வருகிறது. மனிதன் அனுபவிப்பது எல்லாம் முன்செய்த வினையின் பயன்தான் என்கிறார்களே, அது சரியா என்று சீவகன் என்ற துறவி கேட்கிறார். புத்தர் அதை ஏற்கவில்லை. பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவமாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, திடீர்த் தாக்கம், கருமம் என எட்டுக் காரணங்களை அவர் எண்ணிக் காட்டுகிறார். கருமம் அந்த எட்டில் ஒன்று. எல்லாம் கருமமே என்பவர்கள் வரம்பு கடந்து பேசுகிறார்கள் என்பது அவர் முடிவு.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அற்பாயுள், நோய், வறுமை போன்றவற்றை முற்பிறவிச் செயலோடு இணைக்கும் சுத்தமும் மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. ஆகவே தெருப்பேச்சு ஒன்றுமில்லாததிலிருந்து பிறக்கவில்லை. அது ஏட்டின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

கிழக்கிலங்கை இந்துக்களிடையே செல்வாக்குள்ள சைவ சித்தாந்தத்தில் ஆணவம், கன்மம், மாயை என உயிரைப் பிணிக்கும் மலங்கள் மூன்று. கன்மம் அறிவற்றது, தானாகப் போய் உரியவரைச் சேராது. அதன் பயனை ஊட்டுபவன் இறைவன், அவன் ஊட்டுவதும் உயிரைப் பக்குவப்படுத்தத்தான் என்பது அவர்கள் கொள்கை. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இனிச் சேர்ப்பது ஆகாமியம். மூன்றாவது இன்னும் மனிதனின் கையில் இருக்கிறது. பகவத் கீதையின் அழுத்தமும் பயனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்பதில்தான் விழுகிறது.

அரங்கிலும் திரையிலும்

கதை என்று வரும்போது நிலைமை மாறுகிறது. கதைக்கு முடிவு வேண்டும். கெட்டவன் விழ வேண்டும். வெசாக் தோரணங்களில் மின்விளக்குகளுக்கு நடுவே கட்டம் கட்டமாகக் காட்டப்படும் ஜாதகக் கதைகள், பார்ப்பவர் மனதில் 'இது செய்தால் இது கிடைக்கும்' என்ற கணக்கைப் பதிக்கின்றன. எண்ணம் என்ற நுட்பம் படத்தில் தெரிவதில்லை. தண்டனை நன்றாகத் தெரியும்.

தமிழ்ச் சினிமாவில் 1984இல் வந்த 'விதி' நல்ல உதாரணம். ஏமாற்றப்பட்ட பெண்ணொருத்தி நீதிமன்றம் போகிறாள். ஏமாற்றியவனுக்காக வாதாடும் தகப்பன், முன்னொரு காலத்தில் தானும் ஒரு பெண்ணை ஏமாற்றியவர். அவளே இப்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர். 'செஞ்சது சும்மா உடுமா' என்ற பேச்சு வழக்கின் திரை வடிவம் இது. ஆனால் அதே படத்தில் பாதிக்கப்பட்டவள் 'என் தலையெழுத்து' என்று மூலையில் குந்தவில்லை, வழக்குப் போடுகிறாள். தலைப்பு ஒன்று சொல்ல, கதாநாயகி வேறொன்று செய்கிறாள்.

கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையே பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் உற்சவத்திலும் இந்த இரட்டைத் தன்மையைக் காணலாம். பாண்டவர் வனவாசம் வீதியில் நடித்துக் காட்டப்படுகிறது. தீமிதிப்போடு விழா நிறைவுறுகிறது. சூதில் தோற்றது விதி, துரியோதனன் விழுந்தது வினை என்று கதை சொன்னாலும், தீயில் இறங்குபவர் விதியென்று சும்மா இருப்பவர் அல்ல. நேர்த்தி வைத்து, விரதம் காத்து, தானே ஒரு செயலைச் செய்பவர். ஆகவே வெகுசனக் கலை ஏட்டைக் கெடுத்து விட்டது என்று மட்டும் சொல்வது அநியாயம். விதியை ஒப்புக்கொள்ளும் குரலும் அதை எதிர்க்கும் குரலும் அதற்குள் சேர்ந்தே ஒலிக்கின்றன.

கடல் வந்த பிறகு

இந்த வேறுபாடு உயிரோடு விளையாடும் விடயமானது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகக் கூடிய இழப்பு அம்பாறை மாவட்டத்துக்கே, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று அலை ஊர் பார்த்து வரவில்லை. ஆனால் பேச்சு ஊர் பார்த்து வந்தது. 'அவங்கட கருமம்' என்று ஒரு பக்கம், 'செஞ்ச பாவத்துக்கு அல்லாஹ்ட தண்டனை' என்று எங்கட பக்கம். களுத்துறைக் கரையில் கடல் சுழன்ற செய்மதிப் படத்தில் அல்லாஹ்வின் பெயர் தெரிகிறது என்று அந்தப் படம் கைமாறியது. இதுவும் வெகுசனக் கலாசாரம்தான்; எங்களுடையது.

எங்கட ஏடு என்ன சொல்கிறது? உங்களுக்கு ஏற்படும் துன்பம் உங்கள் கைகள் தேடியது என்ற கருத்தில் குர்ஆன் வசனம் உண்டு (42:30). அல்லாஹ் பலவற்றை மன்னிக்கிறான் என்றும் அதே வசனம் கூறுகிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை (6:164). அய்யூப் நபியின் நோய் தண்டனையல்ல, சோதனை. நீரில் மூழ்கி இறப்பவரும் இடிபாட்டில் இறப்பவரும் ஷஹீத் என்பது புஹாரி, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ள ஹதீஸ். சிரியாவில் கொள்ளைநோய் பரவியபோது அங்கு போகாமல் திரும்பிய உமர் (ரழி), அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்று விளக்கினார். கத்ரை நம்புவதென்றால் கைகட்டி நிற்பதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

மறுபிறப்பை நாம் ஏற்பதில்லை; மறுமையை அவர்கள் எம்மைப்போல் ஏற்பதில்லை. அந்த வேறுபாட்டை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு விடயத்தில் மூன்று மரபின் தெருக்களும் ஒரே தவறைச் செய்கின்றன: தன் செயலைப் பார்க்கச் சொன்ன கொள்கையை, அடுத்தவரின் துயரத்துக்குத் தீர்ப்பெழுதப் பயன்படுத்துகின்றன. சீவகனுக்குச் சொன்ன பதிலும், ஆகாமியம் என்ற கருத்தும், உமரின் முடிவும் அந்தத் தீர்ப்புக்கு இடம் தரவில்லை.

பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம், அவள் மருதமுனை உம்மாவாக இருந்தாலும் பாண்டிருப்பு அம்மாவாக இருந்தாலும், 'ஏன் இப்படி நடந்திச்சு' என்பதற்கு விளக்கம் சொல்லப் போக வேண்டாம். சோறு கொண்டு போகலாம், கூட இருக்கலாம், வீடு கட்டக் கைகொடுக்கலாம். கருமம் என்ற சொல்லின் பழைய பொருளும் அதுவே.