பச்சையிலே எந்தப் பச்சை?

நெமிலிச்சேரியில் ரெயிலை விட்டு இறங்கி நடந்தால், புதிய வீடுகள் எழும்பி நிற்பதைப் பார்க்கலாம். கடனை வாங்கி, நகையை விற்றுக் கட்டும் வீடுகளும் அவற்றில் உண்டு. சுவர் எழும்பும் வரை கணவன்-மனைவி இருவருக்கும் ஒரே பேச்சு. வர்ணம் பூசும் நாள் வந்ததும் வழக்கு வந்துவிடும்!

"பிஸ்தா பச்சைதான் அழகு" என்பார் மனைவி. "வாழைக்குருத்துப் பச்சைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி" என்பார் கணவர். கடைக்காரர் காட்டும் அட்டையிலோ இரண்டும் அக்காள்-தங்கை போல இருக்கும். எதை வாங்குவது?

அட்டையை நம்பலாமா?

அட்டையில் இருக்கும் நிறம் தீப்பெட்டி அளவு. சுவரோ பத்தடி உயரம்! நான்கு சுவரிலும் பூசினால், ஒரு சுவரின் பச்சை ஒளி இன்னொரு சுவரில் விழும். அதனால் நிறம் கூடுதலாகத் தெரியும். ஆகவே, அட்டையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிறிய நிறமே நல்லது.

வெளிச்சமும் நிறத்தை மாற்றும். மாலை வெயில் பட்டால் பச்சை மஞ்சளாகத் தெரியும். வெள்ளை விளக்கில் ஒரு நிறம்; மஞ்சள் விளக்கில் வேறு நிறம். தரையின் நிறமும் பச்சையை மாற்றிக் காட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

இரண்டு நிறத்திலும் சிறிய டப்பா வாங்குங்கள். வெள்ளை அடித்த சுவரில் இரண்டடிச் சதுரமாகப் பூசுங்கள். இரண்டும் ஒட்டி இருக்கக் கூடாது. ஒன்றின் நிறம் மற்றதை மாற்றிக் காட்டும். நன்றாகக் காயட்டும். காலையில், நடுப்பகலில், விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். இந்தச் சிறு செலவு பெருஞ்செலவைத் தடுக்கும். கலந்து வாங்கிய வர்ணத்தைக் கடையில் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்!

விஷப் பச்சை!

நிறம் மட்டும் பார்த்தால் போதாது. 1775-ம் ஆண்டு ஸ்வீடனில் ஷீலே என்ற விஞ்ஞானி ஒரு பச்சை வர்ணத்தைக் கண்டுபிடித்தார். அதில் ஆர்சனிக் என்ற விஷம் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளில் சுவரில் ஒட்டும் காகிதத்திலும் அந்தப் பச்சை இருந்தது. பலர் நோயில் விழுந்தார்கள்.

இன்று கவனிக்க வேண்டியது ஈயம். அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். வீட்டு வர்ணத்தில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017-ம் ஆண்டு நவம்பரில் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. டப்பாவில் அந்த விவரத்தைப் படித்து வாங்குங்கள்.

சரி, வழக்குக்குத் தீர்ப்பு என்ன? அந்த அறையில் அதிக நேரம் இருக்கப் போகிறவர் யாரோ, அவருக்குப் பிடித்த பச்சையையே பூசுங்கள்!