பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் ஆகிவிட்டீர்களா? முதல் வேலை, எழுதி வைப்பதுதான்!

உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளியில் உங்களைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வி எழுகிறது: "இனி நாம என்ன செய்யணும்?" முக்கூடலில் பீடி சுற்றும் அம்மாவாக இருக்கலாம், சேரன்மகாதேவியில் வயல் வேலைக்குப் போகும் அப்பாவாக இருக்கலாம். "நமக்கு என்ன தெரியும், சாரே பாத்துக்கிடட்டும்" என்று ஒதுங்க வேண்டாம். சட்டம் உங்களை நம்பித்தான் இந்தப் பொறுப்பைத் தந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-ன்படி அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2024-ல் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது, உறுப்பினர் எண்ணிக்கை 20-லிருந்து 24 ஆனது. முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வந்த நிதி சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது ஆகியவை குழுவின் முக்கிய வேலைகள்.

முதலில் பள்ளியைச் சுற்றி வாருங்கள்

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்த வலி நம் மாவட்டத்துக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குச் சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறியது. தண்ணீர் நின்ற சுவர் வெளியே காய்ந்து தெரியலாம், உள்ளே ஊறிப் போயிருக்கலாம்.

எனவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, தலைமை ஆசிரியருடன் ஒரு நடை போங்கள். கழிப்பறைச் சுவர், சுற்றுச்சுவர், மேற்கூரை, மின்கம்பி, குடிநீர்த் தொட்டியின் மூடி, கிணறு இருந்தால் அதன் மேல் வலை என ஒவ்வொன்றாகப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் போட்டோ எடுங்கள். ஆபத்தான இடத்துக்குப் பிள்ளைகள் போகாதபடி அன்றைக்கே தடுப்பு வையுங்கள். அதுக்கு எந்த உத்தரவும் வர வேண்டியதில்லை.

சொன்னால் போதாது, தீர்மானம் வேண்டும்

"போன மாசமே சொல்லியாச்சே" என்பது எந்த அலுவலகத்திலும் நிற்காது. குறையைக் கூட்டத்தில் வையுங்கள். தீர்மானமாக எழுதி, வந்தவர்களின் கையெழுத்தை வாங்குங்கள். "கழிப்பறை சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், "மாணவிகள் கழிப்பறையின் வடக்குச் சுவரில் விரிசல், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை" என்று இடம் குறித்து எழுதுங்கள்.

யாருக்கு அனுப்புவது? ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சி. கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை கட்டாயம் வாங்குங்கள். கிராமமாக இருந்தால் கிராம சபையிலும் அதை வைக்கலாம். அடுத்த கூட்டத்தின் முதல் கேள்வி, "போன தீர்மானம் என்ன ஆச்சு?" என்பதாக இருக்கட்டும்.

எல்லாத் தெருவும் வரணும்

கூட்டத் தகவல் ஒரு தெருவுக்கு மட்டும் போய், இன்னொரு தெருவுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப் இல்லாத வீட்டுக்குப் பிள்ளைகள் மூலம் சீட்டு அனுப்புங்கள். பிசான நடவு நடக்கும் நாளில் காலையில் கூட்டம் வைத்தால் யார் வருவார்? நேரத்தைக் கேட்டு வையுங்கள். எல்லோரும் கலந்து உட்காரட்டும். பேசாமல் இருக்கும் அம்மாவிடம், "அக்கா, நீங்க என்ன நினைக்கீங்க?" என்று நீங்களே கேளுங்கள். பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளை பற்றிய தகவல் பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.

கையெழுத்து போடும் முன்

தீர்மானமோ செலவுக் கணக்கோ, வாசிக்காமல் கையெழுத்து போட வேண்டாம். வாசிக்கச் சிரமமாக இருந்தால், கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அது தலைமை ஆசிரியர் மீதான சந்தேகம் ஆகாது, அவருக்கும் பாதுகாப்பு. அதேபோல, பாடம் நடக்கும்போது வகுப்புக்குள் போய் ஆசிரியரைக் கேள்வி கேட்பது நம் வேலை இல்லை. கேட்க வேண்டியதைக் கூட்டத்தில் கேளுங்கள்.

உதவிக்கு

கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. முதலமைச்சரின் உதவி மையம் 1100.

உங்கள் பொறுப்புக் காலம் இரண்டு ஆண்டுகள். அடுத்து வரும் தலைவரிடம் தீர்மானப் புத்தகத்தைக் கொடுக்கும்போது, அதில் எத்தனை வரிகளுக்குப் பக்கத்தில் "முடிந்தது" என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் உழைப்புக்கு அதுதான் கணக்கு.