மாற்றுத்திறனாளிகளின் உரிமை அமைப்பில் அறங்காவலராய் இருத்தல்

ஓர் ஆயர் ஓர் ஊரில் சில ஆண்டுகள் நிலைபெற்றுவிட்டால், அவ்வூர் அறநிறுவனங்கள் அவரைத் தங்கள் அறங்காவலர் குழுவில் சேர்த்துக்கொள்ள விரும்புவது இயல்பு. கடிதத்தாளின் தலைப்பில் அவருடைய பெயர் இருந்தால் நன்கொடையாளருக்கு நம்பிக்கை உண்டாகும் என்பது வெளியே சொல்லப்படாத காரணம். நாமும் அதனைத் திருப்பணியின் ஒரு பகுதியென எண்ணி, அறக்கட்டளைப் பத்திரத்தை ஒருமுறையேனும் வாசித்துப் பாராமல் இசைந்துவிடுகிறோம். இவ்வாறு இசைந்தவர்களுள் நானும் ஒருவன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காகப் பரிந்துபேசும் அமைப்பொன்றில் ஒன்பது ஆண்டுகள் அறங்காவலனாயிருந்து கற்றவற்றையும், காலந்தாழ்த்திக் கற்றவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தை நோக்குவோம். 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம், கண்டிப்பாய்ச் சொன்னால், தனியார் அறக்கட்டளைகளுக்கே உரியது. ஆயினும் பொது அறநிலையங்களின் வழக்குகளிலும் நீதிமன்றங்கள் அதன் அடிப்படை நெறிகளைப் பின்பற்றி வந்துள்ளன. அந்நெறிகள் எளியவை. சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தச் சொத்தைப் பேணுவதுபோல் அறங்காவலர் அறச்சொத்தைப் பேணவேண்டும். அதனால் தமக்கென ஆதாயம் தேடலாகாது. தம் பொறுப்பைப் பொதுவாகப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கலாகாது. பத்திரம் வேறுவிதமாய்க் கூறாவிடில், பல அறங்காவலர் இருக்குமிடத்தில் அனைவரும் இணைந்தே செயற்படவேண்டும்.

நம்மில் பலர் அறியாத ஒன்றும் அச்சட்டத்தில் உண்டு. உடன் அறங்காவலர் ஒருவர் செய்த தவற்றுக்கு மற்றவர் பொதுவாகப் பொறுப்பாளி அல்லர். ஆனால் பணம் அவர் கைக்குப் போவதை அனுமதித்து, அது என்னவாயிற்று என உசாவாதிருந்தாலோ, தவற்றை அறிந்தும் மறைத்தாலோ, அவரும் பொறுப்பாளியே. "கணக்கெல்லாம் செயலாளர் பார்த்துக்கொள்கிறார், நான் ஜெபத்தோடு தொடங்கி வைப்பவன் மட்டுமே" என்னும் விடை நீதிமன்றத்தில் செல்லாது. பொது அறநிலையத்தில் நம்பிக்கைத் துரோகம் நிகழ்ந்ததெனக் கருதினால், அதில் அக்கறையுள்ள இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, அறங்காவலரை நீக்கவும் கணக்குக் கேட்கவும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு வழிசெய்கிறது. பவுல் எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியே சுமந்து செல்லாமல், சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டதன் காரணத்தை 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் வாசிப்போர், இச்சட்டத்தின் உட்கருத்தை எளிதில் உணர்வர்.

கணக்கு நேராயிருந்தாலும் அறங்காவலர் தவறக்கூடிய வேறோர் இடம் உண்டு. அதைக் கூறவே சீபாவின் வரலாற்றுக்குச் செல்கிறேன்.

யோனத்தானின் மகனாகிய மேவிபோசேத் இரு கால்களும் முடமானவன். தாவீது அவனுக்குச் சவுலின் நிலங்களைத் திரும்பக் கொடுத்து, அவற்றைப் பயிரிட்டுப் பலனைச் சேர்க்கும் பொறுப்பைச் சீபாவிடம் ஒப்படைத்தான். சீபாவுக்குப் பதினைந்து குமாரரும் இருபது வேலைக்காரரும் இருந்தனர். மேவிபோசேத் அரச பந்தியில் உண்டான். நம் மறையுரைகள் பெரும்பாலும் அப்பந்தியோடு நின்றுவிடுகின்றன. ஆனால் நூலாசிரியர் நிற்கவில்லை. அப்சலோமின் கலகத்தில் தாவீது ஓடிப்போகையில், சீபா சேணமிட்ட இரு கழுதைகளில் இருநூறு அப்பங்களோடும் பழங்களோடும் திராட்சரசத்தோடும் எதிரே வருகிறான். தன் எஜமான் அரசாட்சியை எதிர்பார்த்து எருசலேமில் தங்கிவிட்டானென்கிறான். தாவீது உசாவாமலே மேவிபோசேத்துக்குரிய யாவற்றையும் சீபாவுக்குக் கொடுத்துவிடுகிறான். பின்னர் அரசன் திரும்பி வருகையில், தாடி திருத்தாமலும் வஸ்திரம் வெளுக்காமலும் மேவிபோசேத் எதிர்கொண்டு வந்து, தன் வேலைக்காரன் தன்னை ஏமாற்றினான் என்று முறையிடுகிறான். தாவீதின் தீர்ப்பு நிலத்தைப் பாதியாய்ப் பிரிக்கிறது. இருவரில் யார் உண்மை சொன்னவர் என்பதில் விளக்கவுரையாளர் ஒருமனப்பட்டவரல்லர். என் வரையில், அந்தத் திருத்தப்படாத தாடியை நூலாசிரியர் வீணாய்க் குறிப்பிட்டாரென நம்ப இயலவில்லை. எவ்வாறாயினும் ஒன்று தெளிவு: மேவிபோசேத்தின் பெயரால் பேசும் வாய்ப்பு சீபாவுக்கு இருந்தது, கழுதையும் சேணமும் சீபாவின் கையில் இருந்தன.

இதே சிக்கல் நம் காலத்திலும் பெரிய நிறுவனங்களை அசைத்திருக்கிறது. இங்கிலாந்தில் லெனர்டு செஷயர் 1948இல் தொடங்கிய லெ கோர்ட் இல்லத்தில் வாழ்ந்த பால் ஹண்ட் முதலானோர், இல்லத்தின் நிர்வாகத்தில் தங்களுக்கும் இடம் வேண்டுமெனப் போராடினர். 1972இல் ஹண்ட் கார்டியன் நாளேட்டுக்கு எழுதிய கடிதத்திலிருந்து, மாற்றுத்திறனாளிகள் தாமே நடத்திய ஓர் உரிமை இயக்கம் பிறந்தது. 1980இல் கனடாவின் வினிபெக் நகரில் கூடிய உலக மறுவாழ்வு மாநாட்டில், பேராளருள் பாதிப்பேர் மாற்றுத்திறனாளிகளாய் இருக்கவேண்டும் என்ற தீர்மானம் தோல்வியுற்றது. தோல்வி கண்டோர் பிரிந்துசென்று 1981இல் சிங்கப்பூரில் தங்களுக்கென உலக அமைப்பொன்றை நிறுவினர். அதன் முதல் தலைவரான ரான் சந்திரன் டட்லி பார்வையற்றவர். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்று, பாதுகாவலர் நியமிக்கப்படும் இடத்திலும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு கூட்டாக முடிவெடுக்கும் வரையறுத்த பாதுகாவலையே முன்வைக்கிறது. 2025இல் தமிழக உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தங்கள் சட்டமன்றத்தில் நிறைவேறின. ஊராட்சி மன்றத்தில் இடமளிக்கும் காலத்தில், அவர்கள் பெயரால் நடக்கும் அறநிறுவனத்தில் இடமில்லை என்பது பொருந்துமா?

என் அமைப்பில் பொருந்தியே வந்தது. எழுவரில் ஆறுபேர் உடற்குறைபாடு இல்லாதோர். கூட்டம் நடந்த அறை மாடியில். ஏழாமவரை இருவர் தூக்கி வருவர். அதனை அன்பின் செயலென்றே எண்ணியிருந்தோம். ஓராண்டில் நன்கொடையாளர் ஒருவர் மூன்று சக்கர வண்டிகள் வழங்கப் பெருந்தொகை தர முன்வந்தார். உறுப்பினர்களோ, அரசு அலுவலகங்களில் சாய்தளம் அமைக்கக் கோரும் மனுக்களைத் தொடர்ந்து நடத்த ஓர் எழுத்தரை அமர்த்தும்படி முன்னரே கேட்டிருந்தனர். நாங்கள் வண்டிகளைத் தெரிந்துகொண்டோம். மேடை, மாலை, புகைப்படம் எல்லாம் ஆயின. விழா முடிந்ததும் ஊன்றுகோலோடு நின்ற ஒரு சகோதரி என்னிடம் வந்து, "ஐயா, வண்டி கொடுத்தீர்கள், நன்றி. தாலுகா அலுவலகத்தில் ஏழு படி இருக்கிறது. வண்டியை அங்கே எப்படி ஏற்றுவது என்று கூட்டத்தில் யாராவது கேட்டீர்களா?" என்றார்.

வீடு திரும்பி நடவடிக்கைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். "உறுப்பினர்களின் விருப்பத்திற்கிணங்க வண்டிகள் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது" என்றிருந்தது. அவ்விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. கீழே என் கையொப்பம் இருந்தது. பணத்தில் ஒரு பைசா குறையவில்லை; தணிக்கையாளர் குறையொன்றும் காணவில்லை. ஆயினும் அவ்வரி சீபாவின் வாக்குமூலமே.

பரிந்துபேசுகிறவர் என நம் வேதாகமம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் அழைக்கப்பட்டவர் என்பது வேர்ப்பொருள். வழக்கையுடையவன் அழைக்கிறான், அழைக்கப்பட்டவன் அவன் அருகில் நிற்கிறான். வழக்கு கைமாறுவதில்லை. இதனை நான் வகுப்பறையில் பலமுறை போதித்திருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு சேர்த்துச் சொல்லவேண்டும். எரிகோ வழியில் பார்வையற்றவனிடம், அவன் குறை எல்லாருக்கும் தெரிந்திருந்தும், என்ன வேண்டுமென ஆண்டவர் கேட்டார்.

அடுத்த கூட்டத்தில் அக்குறிப்பைத் திருத்தும்படி எழுதிக் கொடுத்தேன். அது எளிதாய் முடியவில்லை. பத்திரத்தின்படி புதிய அறங்காவலரை நியமிக்கும் உரிமை பழைய அறங்காவலருக்கே உண்டு. ஆகவே இருப்போர் விலகினாலன்றி இடம் உண்டாகாது. மூத்தவர் ஒருவர், இத்தனை ஆண்டு உழைப்புக்கு இதுவா கைம்மாறு என வருந்தினார், அவ்வருத்தம் பொய்யன்று. இரண்டாண்டு பேச்சுக்குப்பின் மூவர் விலகினோம். எங்கள் இடங்களில் உறுப்பினர்கள் தாங்களே முன்மொழிந்த மூவர் அமர்ந்தனர். ஏழு படியைப்பற்றிக் கேட்ட சகோதரி அவர்களுள் ஒருவர். பொருளாளரானவர் பார்வையற்றவர்.

கூட்டம் இப்பொழுது கீழ்த்தளத்தில் நடக்கிறது. பொருளாளர் ஒவ்வொரு ரசீதையும் உரக்க வாசிக்கச் சொல்வதால், ஒரு மணியில் முடிந்தது மூன்று மணி நேரம் ஆகிறதாம். அவ்வாறு வாசித்த முதலாண்டிலேயே, நாங்கள் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட்டிருந்த கணக்கில் ஒரே டீசல் பில் இருமுறை ஏறியிருந்ததை அவர் கண்டுபிடித்தார்.